கைக்குட்டை போட்ட சீட்

வேளச்சேரி பஸ் தாம்பரத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நிறுத்தத்தின் பின்னால் புதிய புறவழிச்சாலைக்கான விளம்பரத் தட்டி நிற்கிறது. படத்தில் அகலமான சாலையும் நாலைந்து கார்களும் இருக்கின்றன. பஸ் இல்லை, அதற்காக நிற்பவர்களும் இல்லை. வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இரண்டு பேர் சீட்டைப் பிடிக்கிறேன். நெரிசலில் ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். கைக்குட்டை பக்கத்து இடத்தில் கிடக்கிறது. எத்தனையோ பேர் நிற்கிறார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. "பைபாஸ் வந்தா கூட்டமே இருக்காதாம்," என்கிறார் கம்பியைப் பிடித்திருக்கும் ஒருவர். "ரோட்லயா சார், பஸ்லயா?" என்று கண்டக்டர் கேட்கிறார். "ரோடு புதுசா வருது. வண்டி இதே ஓட்டை வண்டிதான் கீது." பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். ஜவுளிக்கடைச் சீருடையில் ஒரு கர்ப்பிணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். செருப்பின் வார் வீங்கிய பாதத்தில் அழுந்தியிருக்கிறது. "காலையிலேர்ந்து நின்னுகினே கீறேன்ணா. இங்க ஆள் வராங்களா?" என் மனைவி ஆஃபியா எப்போதும் கூட்டம் வடிந்த பிறகுதான் ஏறுவாள். அதுவரை அவள் இடத்தில் கைக்குட்டை கிடக்கும். அவள் இறந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. படிக்கட்டைப் பார்க்கிறேன். கர்ப்பிணி காத்திருக்கிறாள். "வரல. உட்காருங்க," என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்துக்கொள்கிறேன். அவள் மெல்ல உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள். பஸ் இன்னும் நகரவில்லை. முன்னால் சாலை முழுக்கக் கார்கள் நிற்கின்றன. படிக்கட்டில் ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டேயிருக்கிறார்கள்.