பதின்மூன்றாவது பாட்டில்

"மார்ச் 12. இன்று பாட்டில்களை எண்ணுவதில் தவறிவிட்டேன்," என்று, வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள் ரெட்டைப்பூட்டு. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பதால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

காலையில் பன்னிரண்டு வீட்டுக் குழாய்களில் தண்ணீர் பிடித்திருந்தாள். கூடத்துக்கு வந்து பார்த்தால் மேசையில் பதின்மூன்று பாட்டில்கள் நின்றன. கூடுதலாக நின்றதன் சீட்டிலும் அவள் கையெழுத்துதான்: அவள் வீட்டு முகவரி, சமையலறைக் குழாய், மார்ச் 13, காலை 6.40. ‘குழாய் திறந்தவர்’ என்ற இடத்தில் ‘வீட்டில் யாருமில்லை’ என்றிருந்தது.

"தேதியில கை தவறியிருக்கும். கொட்டிட்டு வேலையப் பாரும்மா," என்றார் மேலாளர்.

அவள் கொட்டவில்லை. ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பன்னிரண்டிலும் கடினத்தன்மை அறுநூறுக்குக் குறையவில்லை. இதில் மட்டும் பூஜ்யம், மழைநீர் மாதிரி. மறுபடி சோதித்தாள். அதேதான்.

வீட்டில் அம்மா கெட்டிலில் படிந்த வெள்ளை உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்த உடம்பு, இன்னொரு முறை தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நேற்றிலிருந்து மறுபடியும் வலி.

"இந்தத் தண்ணில சோப்பு நுரைக்கிறதுக்குள்ள உனக்குப் பேரனே பொறந்துருவான்டி," என்றாள், இடுப்பைப் பிடித்தபடி.

"நாளைக்கு எங்கயாவது போறியாம்மா?"

"கால வச்சா வாசப்படி, கைய நீட்டுனா குழாயடி. நான் எங்கடி போவேன்?"

ரெட்டைப்பூட்டு நோட்டை எடுத்து மீதியை எழுதினாள். "நாளை காலை 6.40. சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடிக்க வேண்டும். அம்மாவையே திறக்கச் சொல்லி, ‘குழாய் திறந்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுத வேண்டும்."