ஒரு வாளி வெந்நீர்

வாடகை வீட்டுக் குளியலறையில் ஒரு கீசர், நாள் முழுக்க உஸ்ஸென்று இரைந்தபடி தண்ணீரைச் சூடாகவே வைத்திருந்தது. கரண்ட் பில்லைப் பார்த்து மலைத்துப்போன பூங்கோதை ஒருநாள் அதன் சுவிட்சை அணைத்துவிட்டாள்.

“என்னைக் கழட்டி எறியப் போறாங்க” என்று கலங்கியது கீசர்.

“அந்தம்மா குளிக்கிறதே ஒரு வாளி தண்ணிதான் அண்ணே. அதுக்கு எதுக்கு நாளெல்லாம் கொதிக்கிறீங்க?” என்றது வாளி.

மறுநாள் குளிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு சுவிட்சைப் போட்டாள். வாளி நிறைய ஆவி பறக்கும் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி அணைத்தாள். கீசர் நிம்மதியாக ஓய்ந்தது. அப்போது ஒரு பாட்டுக் கேட்டது.

“அட, இவங்க பாடுவாங்களா?”

“மூணு வருஷமா தினமும் பாடுறாங்க. உங்க இரைச்சல்ல உங்களுக்குத்தான் கேட்கல.”

“சரி, இப்ப நீ கொஞ்சம் பேசாம இரு” என்றது கீசர்.