மூடியைத் திறந்து பார்த்த பிளாஸ்க்

உடை மாற்றும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நோயாளிக்கென்று வந்த பிளாஸ்க்கைத் திறந்து, நின்றபடியே மடமடவென்று குடித்தாள் நர்ஸ். கடைசிச் சொட்டையும் விடவில்லை. பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாயைத் துடைத்தபோது, சுவர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வார்டு வாசலில் அந்த நோயாளியான பஸ் டிரைவரின் மனைவி காத்திருந்தாள். காலிப் பிளாஸ்க்கை வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“குடிச்சாராம்மா?”

“ஒரு சொட்டு மிச்சம் வைக்கலம்மா.”

முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்ன பொய், இப்போதெல்லாம் தங்கு தடையில்லாமல் வந்தது. அந்த அம்மாள் நர்ஸின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு போனாள்.

டிரைவருக்கு ரத்தத்தில் வியாதி. கொடுத்த மருந்தின் வேகத்தில் எதிர்ப்புச் சக்தி அடியோடு போய்விட்டதால், பஸ் நிறைய ஆட்களோடு ஊரைச் சுற்றிய மனிதரைக் கண்ணாடி அறைக்குள் தனியாகப் படுக்கவைத்திருந்தார்கள். மனைவியே ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில்தான் பேச வேண்டும். வீட்டுச் சாப்பாடு கிடையாது. அதிலும் உயிருள்ள கிருமிகள் நிறைந்த புளித்த பாலெல்லாம் அவர் பக்கமே வரக் கூடாது.

அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவள் நர்ஸ்தான். ஆனால் அந்த அம்மாள் பிளாஸ்க்கை நீட்டிக்கொண்டு பேசிய பேச்சைக் கேட்டபின் சொல்ல மனம் வரவில்லை. காய்ச்சி ஆறவைத்த பாலில் உறை விட்டு, விடிய விடியப் புளிக்கவைத்து, குடிக்கிற பதத்துக்கு நன்றாகக் குலுக்கிக் கொண்டுவந்தாளாம்.

“இதுல இருக்கறது நல்ல கிருமிம்மா. மாத்திரை தின்னு தின்னு புண்ணாப் போன வயித்துல போய்க் குடித்தனம் பண்ணி, ஆளைத் தேத்திடும்.”

இவ்வளவு நம்பிக்கையோடு வந்தவளிடம் எப்படிச் சொல்வது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டாள். தொட்டியில் கொட்டத்தான் போனாள். ஆனால் அவள் வயிறும் அப்போது அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

சொத்தைப் பல்லுக்கு அவள் விழுங்கிய ஆன்டிபயாட்டிக், பல்வலியோடு சேர்த்து வயிற்றையும் ஒரு வழி பண்ணியிருந்தது. முந்தின நாள் டிரைவருக்கு ஊசி போட வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் ஓடியிருக்கிறாள். அவர் மனம் கேட்காமல் தன் குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து நீட்ட, நோயாளிகளிடம் ஒரு துரும்பு வாங்கினாலும் வேலை போய்விடும் என்று மறுத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் கொட்டப் போன பாலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வயிறு கொஞ்சம் அடங்கியது. மறுநாளும் பிளாஸ்க் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது.

வாரத்தில் இவளுக்கு லீவு வரும் நாளில் மட்டும் அந்த அம்மாள் வெறுங்கையோடு வந்து போவதாக இன்னொரு நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள். நல்ல வேளை, குட்டு உடையாமல் தப்பித்தோம் என்று இவள் பெருமூச்சு விட்டாள்.

இவள் வயிறு சரியாகிவிட்டது. டிரைவர் தேறவில்லை. ஒருநாள் காலை, டாக்டர்கள் என்னென்னவோ செய்தும் அவர் மூச்சு அடங்கிப்போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த அம்மாள் போனைக் காதில் வைத்தபடியே வெகு நேரம் நின்றாள், பார்க்கவே சகிக்கவில்லை.

ரத்தத்தில் கிருமி பரவிவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டுப் போனதுதான் தாமதம், டிரைவரின் அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிருமியை ஊத்தி ஊத்தியே என் தம்பியைக் கொன்னுட்டியேடி. தினமும் பிளாஸ்க்கும் கையுமா நீ வந்ததை நான் பார்க்கலியா?”

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு ஹெட் நர்ஸும் வந்துவிட்டாள். அந்த அம்மாள் மட்டும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஆசை ஆசையாய்ச் செய்த பால்தான் புருஷனைக் கொன்றது என்று அந்த அம்மாள் ஆயுசுக்கும் நம்பிக்கொண்டிருப்பாளே. உண்மையைச் சொன்னால் ஹெட் நர்ஸ் முன்னாலேயே வேலை போகும். சொல்லாவிட்டால் இனி எப்படித் தூங்குவது?

“அவர் ஒரு வாய்கூடக் குடிக்கல. அத்தனையும் குடிச்சது நான்தான்.”

ஹெட் நர்ஸ் முகம் கறுத்து, என் அறைக்கு வா என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நர்ஸ் அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவருக்கென்று கொண்டுவந்ததைக் குடித்துவிட்டுப் பொய்யும் சொன்னேனே என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

அந்த அம்மாள் அவளை ஜன்னலோரமாக அழைத்துப்போய்க் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அவசரப்பட்டுட்டியேம்மா. உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேன்னுதானே நான் வாயைத் திறக்காம நின்னேன்.”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நேராக் கொடுத்தா நீ வாங்க மாட்டேன்னு தன் பேரைச் சொல்லி, அதை உனக்குன்னு செய்யச் சொன்னதே அவர்தாம்மா.”