இடுப்புத்துணியின் மறுமுனை

வெளியே ஹவ்ராமான் மலைக்காற்று கதவை உலுக்குகிறது. காட்டாடு வேட்டைக்குக் கிளம்பும் தௌஃபீக், பருத்திச் சட்டை, கம்பளி, அதன்மேல் தடித்த ஆட்டுரோம உடுப்பு என்று அடுக்கி முடித்துவிட்டார். மிச்சம், உடுப்புக்குமேல் இறுக்கிச் சுற்றும் நீண்ட இடுப்புத்துணிதான். அறைக்கோடியில் மகள் ஷிலேர் மறுமுனையை இழுத்துப் பிடிக்க, அவர் சுழன்று சுழன்று துணியைச் சுற்றிக்கொண்டே அவளை நெருங்குகிறார். சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு சுற்றுக்கும் அவளும் சிரித்தபடி இழுபட்டு வருவாள். பனி உருகினால் அவளுக்குக் கல்யாணம். "அடுத்த வருஷம் யாருப்பா புடிப்பா?" "கதவுக் கொண்டியில கட்டிக்குவேன். அது உன்ன மாதிரி வாயாடாது." காற்று புக இடமில்லாமல் துணி இறுகிவிட்டது. நுனியை வாங்க அவர் கை நீள்கிறது. ஷிலேர் விடவில்லை. "தொளதொளன்னு இருக்குப்பா. அவுத்துட்டு முதல்லேருந்து சுத்துங்க." அவர் இறுகிய இடுப்பைத் தடவிப் பார்க்கிறார். பிறகு எதிர்ப்பக்கமாகச் சுழன்றபடி மகளைவிட்டு விலகிப் போகிறார், மறுபடி வருவதற்காக.