லாரி வைப்பர் மோட்டார்

"இன்னா எப்சி, ரோபோ கைக்கு லாரி வைப்பர் மோட்டாரா?" நவீன்குமார் சிரித்தான். அவனுடையது ஜப்பான் மோட்டார்.

"மெதுவா தூக்கும். ஆனா தூக்கினத வுடாது. நீ சிரி."

ஆம்பூரில் இறுதிப் போட்டி. கனத்த பூட்ஸ் ஜோடியை அதிக நேரம் தூக்கிப் பிடிக்கும் ரோபோவுக்கே கோப்பை.

மூன்று மணிக்கு மின்வெட்டு. நவீன்குமாரின் ரோபோ பூட்ஸோடு தொப்பென்று விழுந்தது. எப்சியினுடையது அசையவில்லை. அந்த வைப்பர் கியர்பாக்ஸ், மோட்டார் சுற்றினால்தான் நகரும். பாரம் இழுத்தால் நகராது.

"கரண்ட் போனது என் தப்பா சார்? மறுபடி நடத்துங்க!" கத்தினான் நவீன்குமார்.

"நியாயம்தான்" என்றார் நடுவர்.

எப்சி ஒரு தாளை நீட்டினாள். "போன வருஷம் கரண்ட் போய் எங்க ரோபோ வுழுந்தப்ப நீங்க எழுதிக் குடுத்தது சார். சத்தமா படிங்க."

'காரணம் எதுவானாலும், விழுந்தால் தோல்வி.' கீழே அவருடைய கையெழுத்து.