கோட்டுப் போட்ட கறிவேப்பிலை

“மனுசன் விறைச்சாலும் பரவாயில்லை, மரம் விறைக்கக்கூடாதாம்.”

மேல்மாடி அஞ்சலீனா அக்கா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு படியிறங்கியது என் காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார் என்று யோசிக்கத் தேவையில்லை.

நடுமாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே சிவநேசம் அன்ரியின் கறிவேப்பிலை மரம், அன்ரியின் கணவர் அருமைராசா அங்கிளின் குளிர்கோட்டைப் போட்டு, கழுத்துவரை சிப் இழுத்து, தலையில் அவருடைய கம்பளித் தொப்பியோடு நின்றது. பக்கத்தில் அங்கிள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

ஐஸ் மழை பெய்து, கம்பிகள் அறுந்து, எங்கள் தெருவில் கரண்ட் போய் அன்றைக்கு மூன்றாம் நாள்.

சாடியில் வளர்ந்த அந்த மரத்துக்கு ஏழு வயது. யார் கேட்டாலும் ஒரு நெட்டு இலைகூடக் கிடைக்காது. செவ்வாய், வெள்ளியில் பறிக்கக்கூடாது. பொழுதுபட்டால் பறிக்கக்கூடாது. குளிர்காலத்தில் மரம் நித்திரை. கோடையில் இப்போதுதான் எழும்பியிருக்கிறது. பறிக்கக்கூடிய நாள் எது என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கீழ்வீட்டு இந்திராதேவி அன்ரி இரண்டு வருடத்துக்கு முன் ஒரேயொரு தடவை கேட்டார். அவருடைய மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த நாள். “இண்டைக்கு வெள்ளிக்கிழமை” என்று கதவு சாத்தப்பட்டது. அன்றோடு இரண்டு பேருக்கும் கதையில்லை.

இப்போது கட்டடத்தில் சூடு இருந்தது அந்தக் கீழ்வீட்டில் மட்டும்தான். காஸ் அடுப்பு, பழைய காஸ் ஹீற்றர். வீட்டுக்காரன் பத்து வருடமாக மற்ற வீடுகளைப்போல் கரண்டுக்கு மாற்றித் தருகிறேன் என்று ஏமாற்றியது அன்றைக்குப் புண்ணியமாகிவிட்டது. ஆறு வீட்டுச் சனமும் அங்கேதான் ஒதுங்கியிருந்தோம். சிவநேசம் அன்ரியும் அங்கிளும் மட்டும் வரவில்லை.

அன்று காலை மரத்தில் நாலைந்து இலை உதிர்ந்தது. அன்ரி அழுதேவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிளைக் கீழே தூது அனுப்பினார். இடம் கேட்டது மரத்துக்கு மட்டும்.

“கொண்டரச் சொல்லுங்கோ” என்றார் இந்திராதேவி அன்ரி. “அவவையும் வரச் சொல்லுங்கோ. மரம் தனிய இருந்து பயப்படப்போகுது.”

அங்கிளுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. அதனால் சாடியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மிசியே தொப்பியைப் பார்த்துவிட்டு, மரத்துக்கு மரியாதையாக “பொன்சூர்” சொல்லிப் போனார். படிக்குப் படி இலை கொட்டியது.

ஹீற்றருக்குப் பக்கத்தில் மரம். மரத்துக்குப் பக்கத்தில் கதிரை. கதிரையில் காவலுக்கு சிவநேசம் அன்ரி.

கொஞ்ச நேரத்தில் இந்திராதேவி அன்ரி ஒரு பையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார். குனிந்து குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

“பாத்தீங்களே, ஒண்டும் விடாமல் எடுக்கிறா” என்று சிவநேசம் அன்ரி அங்கிளின் காதைக் கடித்தது எனக்கும் கேட்டது. “இதுக்குத்தான் வரச் சொன்னவ.”

“சும்மா இரும்” என்றார் அங்கிள். அவர் ஹீற்றரை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மத்தியானம் எல்லாருக்கும் பாணும் சொதியும் வந்தது. சிவநேசம் அன்ரி பசியில்லை என்றார். பிறகு ஒரு கோப்பை குடித்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது கோப்பையில்தான் இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக இந்திராதேவி அன்ரியின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

“சொதி குறையில்லை. கறிவேப்பிலைதான் போடேல்லைப் போல.”

எல்லாரும் திரும்பி, கோட்டுப் போட்டு நின்ற மரத்தைப் பார்த்தோம். அங்கிளுக்குப் புரையேறியது.

இந்திராதேவி அன்ரி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ அக்கா.”

அஞ்சலீனா அக்கா சிரிப்பை அடக்கமாட்டாமல் பல்கனிக்குப் போய்க் குளிருக்குள் நின்றார்.

சொதிக்கும் சூட்டுக்கும் சிவநேசம் அன்ரி கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். விழித்ததும் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி, மரத்தின் தலையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அன்ரி ஒரு நிமிடம் நிற்கவில்லை. போறன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதே சாடி, அதே படி, மற்றப் பக்கத்தில் அதே நான்.

மேலே போனதும் அன்ரி தொப்பியை எடுத்துக் கதிரையில் வைத்தார். கோட்டைக் கழற்றி அங்கிளிடம் கொடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கொப்பாகப் பார்த்தார். எங்கேயும் ஒரு முறிவு இல்லை.

“படியில பொறுக்கினதோட விட்டிட்டா” என்றார். “அதுவும் ஒரு பை இருக்கும்.”

மூன்று நாளாக மரத்திடம் இருந்த கோட்டைத் திரும்பப் போட்ட சுகத்தில் அங்கிள் பொக்கற்றுக்குள் கையை விட்டார். விட்ட கை ஒரு சின்னப் பையோடு வெளியே வந்தது.

உள்ளே படியில் விழுந்த இலைகள். சப்பாத்துகளில் ஒட்டிவந்த, பனி கரைக்கத் தெருவில் தூவும் உப்புப் போகக் கழுவி, ஈரக் கடதாசியில் சுற்றியிருந்தன.

அங்கிள் பையை நீட்டினார்.

“சரியா இருக்கோ எண்டு எண்ணிப் பாரும்.”

அன்ரி எண்ணவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

குசினிக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். மரத்தில் ஆகச் செழித்து நின்ற உச்சிக்கொப்பைப் பிடித்து, நறுக்கென்று வெட்டினார். அது குளிரில் வாடிவிடாமல் அங்கிளின் தொப்பிக்குள் வைத்து மூடிக்கொண்டு, கீழ்வீட்டுக்குப் படியிறங்கினார்.