நாற்பதுக்குக் கீழே

கீழே விழுந்து நடிப்பவர்களை ஒழிக்கத்தான் அந்த விதி வந்தது. கால்பந்து ஆடுகிற ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஒரு வலிப்பட்டை. வலி நூற்றுக்கு நாற்பதைத் தாண்டி, பட்டை அலறினால்தான் ஃபவுல்.

இறுதிப் போட்டியில் எதிரணிக்காரி பூட்ஸ் காலால் மிதித்தபோது, தன் கணுக்கால் எலும்பு முறிகிற சத்தம் செவ்வந்திக்கே கேட்டது. நடுவர் வந்து பட்டையைப் பார்த்தார்.

“பதினெட்டுதான் காட்டுது. நடிக்காதம்மா, எந்திரி,” என்று மஞ்சள் அட்டையை நீட்டினார்.

செவ்வந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் அடிக்கும்போது அழுதால், இன்னும் நாலு விழும். அப்படி வலியை முழுங்கிப் பழகிய உடம்பு, இப்போது நடுவர் கேட்கிறார் என்றா கக்கும்? செல்லமாக வளர்ந்தவளுக்கு நகம் பெயர்ந்தாலே பட்டை ஐம்பது காட்டுகிறது, பெனால்டியும் கிடைத்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காய்வதற்குள் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“டிவில பாத்தேன்டி. காலு உடைஞ்சும் ஒரு சத்தம் போடல பாத்தியா! எல்லாம் என் வளர்ப்பு.”

கழற்ற மறந்திருந்த பட்டை வீல் வீலென்று அலறியது. எழுபத்தொன்று.

விசில் ஊதத்தான் அங்கே யாருமில்லை.